ஏட்டில் ஏறாத இசை யாருடையது?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றம் ஒன்று, பண்டிதர் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்திருக்கிறது. நாங்கள் படத்துக்கும் சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் இசை செய்கிறவர்கள். எங்களில் கீபோர்டு புரோகிராமர்கள் இருக்கிறோம், தாளக்காரர்கள் இருக்கிறோம், கம்போசிங்கில் உட்கார்ந்து டம்மி வரி பாடுகிறவர்கள் இருக்கிறோம். இசைத் தொழிலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்குத் தொழிலையும் பிழைப்பையும் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பண்டிதரின் வாழ்க்கையில் அதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

எல்லீசன் கைக்குத் திருக்குறள் ஏடு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பண்டிதர் எழுதியிருக்கிறார். ஹாரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்த தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஏடு அது என்கிறார். ஏட்டைக் காப்பாற்றியது ஒரு குடும்பம். அச்சான நூலைப் பற்றிய பேச்சில் அந்தக் குடும்பத்தின் பெயர் காணாமல் போனது. பண்டிதர் எழுதி வைத்திராவிட்டால் கந்தப்பன் என்ற பெயர் நமக்குத் தெரிந்தே இருக்காது.

அதே பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தபின் பல பதிற்றாண்டுகள் அவரைப் பற்றிய பேச்சே இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது தமிழ்நாட்டின் அறிவு வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அது எப்படி முடிந்தது? தாளில் அச்சாகி எங்கோ ஒரு மூலையில் பத்திரமாக இருந்ததால் முடிந்தது. அதே இராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அதே ஆண்டுகளில் சாவு வீடுகளில் விடியவிடியப் பாடிய நம்மவர்கள் என்ன பாடினார்கள்? யார் மெட்டமைத்தார்கள்? அதைத் தொகுக்க எந்த அலாய்சியஸாலும் முடியாது.

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். நம் இசை எழுதப்பட வேண்டும். சுரமாக எழுதப்பட வேண்டும், ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும், பெயராக எழுதப்பட வேண்டும். மற்ற அறிவுரைகளை இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம்.

1. சட்டம் எதை இசை என்றது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'இசைப் படைப்பு' என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தது. மெலடி, ஹார்மனி இரண்டும் சேர்ந்தோ ஒன்று தனியாகவோ இருக்கலாம். ஆனால் அது அச்சிடப்பட்டோ, எழுதப்பட்டோ, வரைவடிவிலோ இருக்க வேண்டும். அப்படியானால் எழுதாத மெட்டு சட்டத்தின் கண்ணில் இசைப் படைப்பே கிடையாது. பறையடிக்கிற ஆசானும், தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிய நம் பாட்டிகளும், கானா பாடுகிறவரும் 37 ஆண்டுகள் அந்த வரையறைக்கு வெளியே இருந்தார்கள். காதால் கற்று வாயால் கொடுத்த எல்லாருக்கும் இதே நிலைதான். ஆனால் சபாவும் கல்லூரியும் புத்தகமும் கைவசம் இருந்தவர்களுக்கு எழுதிக்கொள்ள வழி இருந்தது. நமக்கு இல்லை.

1994இல் வந்த திருத்தம் இதை மாற்றியது. சுரக்குறிப்பு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்று சட்டம் இப்போது சொல்கிறது. ஆனால் பழக்கம் மாறவில்லை. ஒரு கம்பெனிக்குள் நம் ஆள் கொண்டுபோகும் மெட்டு 'நாட்டுப்புறம்', 'பாரம்பரியம்', 'மக்கள் பாட்டு' என்று பெயர் பெற்று வெளியே வருகிறது. பாரம்பரியம் என்றால் எல்லாருடையதும் என்று பொருள் கொள்கிறார்கள். எல்லாருடையது என்றால் முதலில் பதிவு செய்தவருடையது என்று முடிகிறது. உங்கள் பாட்டி பாடியது பாரம்பரியமாக இருக்கலாம். அதை எடுத்து நீங்கள் திருப்பிக் கட்டிய பல்லவி உங்களுடையது. இந்த வேறுபாட்டைக் கம்போசிங் அறையில் வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர் மார்கழிக்கும் இது பொருந்தும். கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு என்று தோல் பார்த்து, இழுத்து, சுருதி கூட்டித் தருகிறவர்களில் மிகப் பலர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குத் தருவதாக இருந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்தியத்தின் நாதத்தில் பாதியைத் தீர்மானிக்கிற கைகளுக்குப் பெயர் எழுதவே அவ்வளவு தயக்கம்.

2. சுரமாக எழுதுவது

இளையராஜா 1968இல் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறைதான் மாஸ்டரின் வகுப்பறை. 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் மேற்கத்திய சுரக்குறிப்பு கற்றார், டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகளை எழுதினார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் வாசித்தார். அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராசனுடன் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்த அனுபவம் வேறு. கிராமத்திலிருந்து வந்து ஒரே நாளில் மேதையானவர் என்ற கதையைச் சினிமாக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கதையை நம்பக் கூடாது. எட்டு ஆண்டுப் பாடக் கணக்கை நம்ப வேண்டும்.

அவருடைய அரசியல் கருத்துகளில் நம்மில் பலருக்கு உடன்பாடு கிடையாது. தம்மை ஓர் அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை அவரும் விரும்பியதில்லை. அது வேறு பேச்சு. தொழிலில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. படத்தின் ரீலைப் பார்த்துவிட்டு, வாத்தியத்தைத் தொடாமல், முழுக் குழுவுக்குமான பகுதிகளையும் அவர் நேராகத் தாளில் எழுதிவிடுவார். அதைப் பிரதியெடுத்து வயலின்காரரும் செல்லோக்காரரும் வாசிப்பார்கள். எழுதத் தெரிந்த இசையமைப்பாளரிடம் "இது சரிப்படாது" என்று மிரட்ட எந்த அரேஞ்சராலும் முடியாது. எழுதத் தெரியாவிட்டால் நம் மனத்தில் இருக்கும் இசையை இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தவரே பிறகு முதலாளி ஆகிவிடுவார்.

இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறதே, எதற்குச் சுரக்குறிப்பு என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் வாசித்ததைக் கம்ப்யூட்டர்தான் வாசிக்கும். உயிருள்ள எட்டு வயலின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தாள் வேண்டும். ஒரு கால்ஷீட்டின் நேரம் குறைவு. தாளோடு போகிறவர் மூன்று பகுதி முடித்துவிட்டு வருவார். தாள் இல்லாதவர் ஹம்மிங் செய்து காட்டியே நேரத்தைக் கரைப்பார். அந்த நேரத்துக்குப் பணம் கொடுப்பதும் அவரே.

எங்கே கற்பது? கிரீன்வேஸ் சாலையில், 1949இல் தொடங்கப்பட்ட அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இன்று அது பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842 முதல் இருக்கிறது. டிரினிட்டி தேர்வுகளுக்கு விசாரிக்கிறவர்கள் முதலில் போகிற இடம் அது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 முதல் திறந்திருக்கிறது. வீட்டில் அமைதியும் மேசையும் இல்லாத பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து எழுதிப் பழகலாம்.

ஒரு பயிற்சி சொல்கிறோம். உங்கள் தெருவில் அடிக்கும் பறை அடவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசான் வாயால் சொல்லித் தரும் சொற்கட்டை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். அதன் கீழே எண்ணிக்கை போடுங்கள்: மூன்றா, நான்கா, ஆறா, எங்கே எடுப்பு, எங்கே முடிப்பு. அதன் கீழே மேற்கத்தியக் குறிப்பில் எழுதுங்கள். கடைசியில் ஆசானின் பெயர், ஊர், தேதி. வாரத்துக்கு ஓர் அடவு என்று எழுதினால் ஓர் ஆண்டில் 52 அடவுகள் கையில் இருக்கும். எந்த ஸ்டுடியோவிலும் விலைக்குக் கிடைக்காத சரக்கு அது.

3. நம் ஒலியைப் படத்தில் வைப்பது

தமிழ்ப் படத்தில் பறை எப்போது ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம். சாவு, குத்து, கலவரம், சாமியாட்டம். கானா எப்போது ஒலிக்கும்? மதுக்கடை, காதல் தோல்வி. மரண கானாவில் வாழ்க்கையின் நிலையாமை உண்டு, தத்துவம் உண்டு, இறந்தவரின் உழைப்பைச் சொல்லும் வரலாறு உண்டு. படத்துக்குள் வரும்போது அவ்வளவும் கழிந்து துள்ளல் மட்டும் மிஞ்சுகிறது.

2012இல் 'அட்டகத்தி' வந்தபோது இந்தப் பழக்கம் உடையத் தொடங்கியது. பா. ரஞ்சித்துக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் அதுவே முதல் படம். கானா பாலாவின் குரல் அதில் தனக்குரிய இடத்தில் நின்றது. 2014இல் 'மெட்ராஸ்' படத்தில் மரண கானா துக்கத்தின் முழுக் கனத்தோடு வந்தது. இசை தெருவை வேடிக்கை பார்க்காமல் தெருவுக்குள் நின்று பாடியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத தமிழர்' என்ற சொல்லிலிருந்தே தன் பெயரை எடுத்தது. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் அங்கே ஒன்றாக நின்றன.

இளையவர்களுக்கு நாங்கள் சொல்வது இது. அடுத்த குறும்படத்தில் பறையை ஒரு காதல் காட்சிக்கு வையுங்கள். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகிற காட்சிக்கு வையுங்கள். மெதுவாக, விரலால் மட்டும் தட்டினால் அந்தத் தோலில் என்ன ஒலி வருகிறது என்று கேளுங்கள். இயக்குநர் கொண்டுவரும் ரெஃபரன்ஸ் பாட்டு பெரும்பாலும் வேறு யாரோ ஏற்கெனவே வைத்த பழக்கத்தின் நகல். அதை மறுக்கச் சண்டை தேவையில்லை. அவர் கேட்டபடி ஒன்று, நீங்கள் நினைத்தபடி ஒன்று என்று இரண்டு செய்து காட்டுங்கள்.

பதிவு செய்யும்போது சில சின்ன விஷயங்கள். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் தோல் தளரும். சூடு காட்டாமல் பறையைப் பதிவறைக்குள் கொண்டுபோனால் செத்த ஒலிதான் வரும். அதனால் சூடு காட்டவும் நேரம் ஒதுக்கச் சொல்லி முன்பே பேசிவிட வேண்டும். மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைத்தால் அடியின் வெடிப்பு மட்டும் பதியும், உடலின் அதிர்வு வராது. சில அடி தள்ளி ஒன்று, அறையின் ஒலிக்கு ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள். அடிக்குச்சியின் கனமும் சுண்டுக்குச்சியின் கூர்மையும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆசானை அனுப்ப வேண்டும்.

பின்னணி இசையில் கணக்கு முக்கியம். படம் நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 12 ஃபிரேம். கதவு திறக்கும் ஃபிரேமில் தாளத்தின் முதல் அடி விழ வேண்டுமென்றால் வேகத்தை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்பது வெறும் வகுத்தல் கணக்கு. நம் பிள்ளைகளிடம் தாள அறிவு ஏற்கெனவே இருக்கிறது. காகிதத்தில் இந்தக் கணக்கையும் போட்டுப் பழகிவிட்டால் எந்த எடிட்டரோடும் சமமாக உட்கார்ந்து பேசலாம். வசனம் பேசும் இடத்தில் விலகுவதையும், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருப்பதையும் சேர்த்துப் பழக வேண்டும். ஒப்பாரியில் பெண்கள் மூச்சு வாங்க நிறுத்தும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்கு மௌனத்தைப் பற்றித் தனியாகப் பாடம் தேவையில்லை.

4. ஒப்பந்தமாக எழுதுவது

இங்கே சற்று நின்று பேச வேண்டும். நம்மவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு பாட்டாக்கினார். தீயோடு சேர்ந்து பாடினார். உலகமெங்கும் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாததை ரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்டார். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே பாட்டு மேடையேறியது. அதன்பின் மெட்டு யாருடையது, பங்கு யாருக்கு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் தரப்பை எழுதினார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்று சந்தோஷ் அறிவித்தார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. இவ்வளவு பேர் கேட்ட பாட்டிலேயே இப்படி நடக்குமென்றால், பெயர் தெரியாத பிள்ளைகளின் பாட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே பாட்டு முடிந்த அன்று, எல்லாரும் சந்தோஷமாக டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தாளை எடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தத் தாளை எழுத முடியாது.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகச் செய்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற நிலையை எடுத்தது. 2012 திருத்தம் அதன் கூர்மையை மழுக்கியது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது போக, வேறு எந்த வழியில் பாட்டு பயன்பட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம். உரிமை மாற்றம் எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். எல்லாவற்றையும் விற்ற பிறகும் "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

ராயல்டியை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அதில் சேரலாம். சேர்ந்தால் போதாது; ஒவ்வொரு பாட்டையும் பெயரோடு பதிய வேண்டும். சீரியலுக்கும் இணையத் தொடருக்கும் வேலை செய்கிறவர்கள், எந்தக் காட்சியில் எந்த இசை எத்தனை நொடி என்ற பட்டியலைத் தாங்களே தயார் செய்து கம்பெனியிடம் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் ராயல்டி வழி தெரியாமல் நின்றுவிடும்.

'பேக்கேஜ்' என்று ஒரு மொத்தத் தொகை பேசுவார்கள். பாடகர், வாத்தியக்காரர், ஸ்டுடியோ, மிக்ஸிங் எல்லாம் அதற்குள் அடக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு செலவையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் கூலி என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். தொகை பற்றாமல் போனால் முதலில் வெட்டப்படுவது தாளக்காரரின் சம்பளம்தான். நம்மில் ஒருவர் இசையமைப்பாளராகி நம் ஆசானுக்கே கூலியைக் குறைத்தால், நாம் மேலே வந்ததில் யாருக்கு என்ன லாபம்? எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் பாடுபட்டுச் சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியது இந்தக் கூலிக்காகத்தான்.

5. பெயராக எழுதுவது

ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் புரோகிராமராகச் சேர்வது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அங்கே தங்கிவிடக் கூடாது. நீங்கள் செய்த தீம் மியூசிக்கைத் தேதியோடு உங்கள் கணினியில் வைத்திருங்கள். டைட்டிலில் 'கீபோர்டு புரோகிராமிங்', 'கூடுதல் இசை' என்று பெயர் கேளுங்கள். சம்பளம் பேசும்போதே பெயரையும் பேசிவிடுங்கள். பணத்தை ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அடுத்த படத்தில் கேட்கலாம். பெயர் போனால் அடுத்த படம் எப்படி வரும்?

இந்த நகரின் வரைபடத்தையும் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை இடித்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 2022இல்கூட இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிந்தன. அந்த வீடுகளும் இசைக் கல்லூரியும் ஒரே வட்டாரம். ஒரு தெரு கலையும்போது அந்தத் தெருவின் பாட்டுக்குழுவும் கலைகிறது. டோலக் ஒரு பிளாக்கிலும் பாட்டுக்காரர் இன்னொரு பிளாக்கிலும் போய் விழுகிறார்கள். நகரத்தின் தென்கோடியிலிருந்து வடபழனிக்கு இரவு ரெக்கார்டிங்குக்கு வந்துவிட்டுத் திரும்பப் பேருந்து இல்லாமல் போகிற பிள்ளையிடம், திறமை இருந்தால் முன்னேறலாம் என்று சொல்வது நியாயமாகாது. 2015 முதல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடந்தது, கர்நாடக இசையும் பறையும் ஒரே மணலில் ஒலித்தன. நல்லது. மேடை கிடைப்பது ஒரு படி. பாட்டின் பங்கு கிடைப்பது அடுத்த படி. இரண்டாவது படிக்கு நாம்தான் ஏணி கட்ட வேண்டும்.

அதனால் இந்த மன்றத்திடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதத் தெரிந்த இசைக்காரர்களும் எழுதத் தெரியாத பாட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார இந்த அறையைத் திறந்து கொடுங்கள். அவர் பாடட்டும், இவர் எழுதட்டும், தாளில் பாடியவர் பெயர் மேலே இருக்கட்டும். நம் வழக்கறிஞர் தோழர்கள் எளிய தமிழில் இரண்டு பக்க ஒப்பந்த மாதிரி ஒன்றை எழுதித் தாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கம்பெனிக்குப் போகட்டும். மூன்றாவதாக, மன்றத்தின் வெளியீடுகளில் கதைக்கும் கவிதைக்கும் தருகிற பக்கத்தில் ஒரு பங்கை மெட்டுகளுக்குக் கொடுங்கள். பாட்டின் வரிகளை மட்டும் அச்சிட்டு மெட்டை விட்டுவிடுகிற வழக்கத்தை நம் இதழ்களாவது நிறுத்தட்டும்.

பண்டிதர் ஒரு பைசாவுக்கு இதழ் விற்றார். தம் மக்கள் வாங்கக்கூடிய விலையில் எழுத்து இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் கணக்கும் அதுதான். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் வாங்கக்கூடிய எந்தப் பிள்ளையும் தன் இசையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடிய வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் சுரத்தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிக்கு மேலே உங்கள் பெயரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.